மீதிக்கு மிட்டாய்

பட்ஜெட் வாசிச்ச அன்னிக்குப் பொழுதோட
லைன் வண்டிப் பையன் இறங்காமலே சொன்னான்:
"அக்கா, நாளையிலிருந்து ஒண்ணு பதினெட்டுங்க."
டப்பா அதே டப்பா.
அட்டை மேல அழுகின தொண்டையும்
அதே தொண்டை.
உள்ள படுத்திருந்த பத்தும்
வெடியால எந்திரிச்சப்போ
ஆளுக்கு மூணு ரூபா எச்சாயிருந்துச்சு.

பெருமாநல்லூர் ரோட்டுல
பனியன் கம்பெனி கேட்டுக்கு எதிர்த்தாப்புல என் கடை.
பத்தரை மணி டீக்கு வருவாங்க,
புருவம் முச்சூடும் பஞ்சு ஒட்டின
இருபது வயசுக் கிழவருங்க.
உள்ள தூசி, வெளிய புகை.
நெஞ்சுக்கு மட்டும் டீ டைம் கிடையாது.

விலை ஏறினா கை சுருங்கும்னு
பேப்பர்ல போட்டிருந்தான்.
சுருங்கத்தான் செஞ்சுது.
செக்கிங் மாஸ்டர் பெருசுலருந்து சின்னதுக்கு இறங்கினாரு.
பீகார்ப் பையன் சந்தன் பீடிக்கு.
அயர்ன் மேசைக்காரங்க ரெண்டு பேரு
ஒண்ணை வாங்கிப் பாதியில கை மாத்தினாங்க.
படமே இல்லாத டப்பா ஒண்ணு
பத்து ரூபாய்க்கு வருது, வேணுமான்னு
ஒருத்தன் வந்து காதுல கேட்டுட்டுப் போனான்.
நின்னே போனது ஒரே ஆளு,
பேக்கிங் அங்கமுத்து.
அவரை அரசாங்கம் லாபத்துல எழுதிக்கட்டும்.
என் நோட்டுல அவரு நஷ்டம்.

சுகாதார ஆபீசர் வந்து
பள்ளிக்கூடத்துச் சுவத்துக்கும் என் பலகைக்கும் நடுவுல
டேப் புடிச்சாரு.
ஆறு கெஜம் பத்தலை.
எரநூறு அபராதம், ரசீதோட.
சில்லறைத் தொந்தரவே இல்லாத விலை
அது ஒண்ணுதான்.

பதினெட்டுக்கு எல்லாரும் இருபதை நீட்டுறாங்க.
மீதி ரெண்டுக்கு நான் எங்க போவேன்?
ரெண்டு இஞ்சி மிட்டாய்.
பவர்டேபிள் கிட்டுசாமி அதைத் திங்க மாட்டாரு.
சட்டைப் பையில போட்டு ஊட்டுக்குக் கொண்டு போவாரு.
ஒரு சனிக்கிழமை அவரு புள்ள தர்ணிகா,
மூணாங்கிளாஸ்,
கடை முன்னால நின்னு கேட்டுச்சு:
"எங்கப்பா நேத்துப் பத்து மிட்டாய் கொண்டாந்தாருங்க.
பத்தை ரெண்டால வகுத்தா அஞ்சுதானுங்களே?"

காலண்டர்ல தேதிக்குக் கீழ
பென்சில்ல எழுதி வெக்குதாம்.
அஞ்சு. ஆறு. ஞாயித்துக்கிழமை மூணு.
எந்த இலாகாக்கிட்டயும்
இத்தனை சுத்தமான புள்ளிவிவரம் இருக்காது.

ஆறு மாசம் கழிச்சு
யாரும் வாசிக்காமலே இன்னொரு விலை வந்துச்சு.
இருபது.
முழு நோட்டு. மீதி இல்லை.
மிட்டாய் பாட்டில் மூடியில தூசி படிஞ்சுது.

பதினஞ்சு நாள் போயி
அம்மா கையைப் புடிச்சுட்டு வந்துச்சு அந்தப் புள்ள:
"எங்கப்பா விட்டுட்டாருங்க்கா!
பதினஞ்சும் சைபரு."
சித்தெ நேரம் பாட்டிலைப் பாத்துட்டு,
"மிட்டாய் போனாப் போகுதுங்."
அப்போ என் கைக்குள்ள
நாலா மடிச்ச ஒரு இருபது இருந்துச்சு.
கிட்டுசாமி குடுத்துட்டுப் போயிப்
பத்து நிமிசம்கூட ஆகலை.

மறுநா டீ டைம்ல வந்தாரு.
நோட்டைப் பலகையில வெச்சாரு.
"நேத்து உங்க பாப்பா வந்துச்சுங்" னேன்.
வெச்ச கையை எடுக்கலை.
கையி நோட்டு மேலயே இருக்குது.
அதுல எனக்கு முக்கா ரூபா,
டில்லிக்கு எத்தனையோ.
நான் டப்பாவைத் தொறக்கவும் இல்லை,
உள்ள தள்ளவும் இல்லை.
தீக்கயிறு பாட்டுக்கு ஒரு விரக்கடை எரிஞ்சுது.
உள்ள மணி அடிச்சாச்சு.

"ஒண்ணு குடுங்க" ன்னாரு.
அப்புறம் டவுசர் பாக்கெட்டைத் தொழாவி
ஒரு ரூபா, இன்னொரு ரூபா.
"ரெண்டு மிட்டாயுங்."

இருபத்திரண்டு.
சில்லறை சரியா இருந்துச்சு.